விசேட காரணங்கள்: இல்லை

அஜந்தாக்காவின் ஒன்பது புத்தகங்களையும் நான் வாசித்திருக்கிறேன். அவருடைய சபையில் எத்தனை பெண்கள் ஒன்பதையும் வாசித்திருப்பார்களோ தெரியாது. நான் முஸ்லிம். இயேசுவை நம்பிக் கஷ்டத்தைத் தாண்டிய பெண்களைப் பற்றிய ஒன்பது புத்தகத்தை இந்த ஸக்கியா எதற்கு வாசித்தாள் என்று கேட்பவர்கள், வில்கமுவையில் ஒரு வாடகை அறையில் மூன்று வருஷம் இருந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போய் நிற்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பொழுது சாய்ந்தால் யானை விரட்டுகிற வெடிச் சத்தம் தொடங்கிவிடும், பிறகு கிணற்றடியும் இல்லை. அறையில் இருந்தது இரண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, அந்த ஒன்பது புத்தகம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஜாதி இல்லை.

நான் அங்கே ஒரு சிங்களப் பாடசாலையில் கணக்கு டீச்சராக இருந்தேன். மாத்தளை டவுனில் சிங்கள மொழியில் படித்தவள் என்பதால் தூக்கி அங்கே போட்டார்கள். அஜந்தாக்கா அதே பாடசாலையில் இங்கிலிஷ் டீச்சர். அவரும் டவுன்தான். நான் போகும்போது அவர் அங்கே ஐந்து வருஷம் முடித்திருந்தார். முதல் நாள் பையைக்கூட நான் கீழே வைக்கவில்லை, "இந்தக் கட்டில் கொஞ்சம் ஆடும், அத நான் எடுத்துக்கிட்டேன். நீ மத்தத எடு" என்றார். ஐந்து வருஷமாக இருந்தவர் ஆடாத கட்டிலை எனக்காகக் காலி செய்து வைத்திருந்தார். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. போகப் போக அதே குணத்தைப் பார்த்தால் பல்லைக் கடிக்க வேண்டும் போல் வரும்.

அவருடைய அப்பா சிவசுப்பிரமணியம் யாழ்ப்பாணத்துக்காரர். தபால் கந்தோரில் வேலை கிடைத்து மாத்தளைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். வீட்டில் எல்லோரும் சைவ சமயம். அஜந்தாக்கா மருந்துக் கடையில் வேலை செய்த சசிக்குமாரைக் கல்யாணம் செய்யும்போது ஞானஸ்நானம் எடுத்தார். மகள் மதுராவுக்கு நாலு வயது நடக்கும்போது சசிக்குமாருக்கு டெங்கு வந்தது, ஒன்பது நாளில் போய்விட்டார். அடுத்த வருஷம் அக்காவுக்கு வில்கமுவைக்கு மாற்றம். அதே வருஷம் மதுராவுக்கு வலிப்பு. "மூணும் வரிசையா வந்திச்சு" என்று அக்கா சொல்லுவார், ஏதோ பஸ் வந்த கதையைச் சொல்கிற மாதிரி.

மதுராவுக்கு இப்போது பதின்மூன்று வயது. வில்கமுவையில் நாங்கள் இருந்த பக்கம் தமிழ்ப் பாடசாலை கிடையாது, அவளுடைய கிளினிக்கும் டவுனில். அதனால் அவள் டவுனில் அக்காவின் தங்கை வீட்டில் இருந்தாள். அக்கா வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் பஸ் பிடித்துப் போவார், ஞாயிறு பின்னேரம் திரும்பி வருவார். லக்கல வழியாக மலையைச் சுற்றி வருகிற பஸ். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கண்டக்டருக்கே தெரியாது. கிழமை நாட்களில் தங்கையிடமிருந்து கோல் வந்தால் அக்கா கிணற்றடிக்கு ஓடுவார். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். "எப்படி இரிக்கா?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"நல்லா இருக்கா. கர்த்தர் கிருபை."

மூன்று வருஷத்தில் இந்தப் பதில் மாறியதே இல்லை. மதுரா நாக்கைக் கடித்துக்கொண்டு வாய் வீங்கிக் கிடந்த நாளிலும் இதேதான். அவருடைய சபையில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்களாம். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது, அது முறுமுறுப்பு. முறுமுறுப்பது பாவம். கஷ்டம் முடிந்த பிறகு எழுந்து நின்று சாட்சி சொல்லலாம். முடியும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

எனக்குச் சிரிக்க உரிமை இல்லை. எங்கள் வீட்டில் இதே மருந்தை ஸபர் என்ற பெயரில் கொடுப்பார்கள். உம்மாவுக்கு முழங்கால் வலி வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் வீட்டில் எங்களுக்கே தெரிந்தது. பெண்களுக்குப் பொறுமையைச் சொல்லிக் கொடுப்பதில் மார்க்கத்துக்கு மார்க்கம் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

புத்தகக் கதைக்கு வருகிறேன். டவுனில் அக்காவின் சபையில் மாதர் ஐக்கியம் என்று ஒன்று உண்டு. மாதக் கடைசிச் சனிக்கிழமை கூடுவார்கள். வாசலில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். யாருக்காவது எதற்காவது ஜெபம் வேண்டுமென்றால் துண்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஐக்கியத் தலைவி தவமணிதேவி அம்மா அதை எடுத்து வாசித்து ஜெபிப்பார். கல்வித் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இடமாற்றம் எப்படி நடக்கிறது, யார் பார்க்கிறார்கள், எந்த மேசையில் எது கிடக்கிறது என்று அந்த மனுஷிக்குத் தெரியாதது இல்லை. சசிக்குமார் இறந்தபோது அக்காவுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு வருஷமும் அக்கா இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பார், பெட்டியில் துண்டு போடுவார், அடுத்த மாதம் ஒரு புத்தகம் கைக்கு வரும், வருஷக் கடைசியில் பட்டியல் வரும், அதில் அக்காவின் பெயர் இருக்காது. முதல் பக்கத்தில் மணிமணியான கையெழுத்தில் "அன்பு மகள் அஜந்தாவுக்கு, நம்பிக்கையில் நிலைத்திரு" என்று எழுதித் திகதி போட்டிருக்கும். எட்டு விண்ணப்பம், எட்டுப் புத்தகம். சாவு வீட்டுப் புத்தகத்தோடு ஒன்பது.

எல்லாப் புத்தகத்தின் அட்டையிலும் சூரியன் உதிக்கும். எல்லாம் எங்கோ பனி கொட்டுகிற நாட்டுப் பெண்களின் கதை. ஒருத்திக்குப் புருஷன் கடலில் போய்விடுவான். ஒருத்தியை ஜெயிலில் போடுவார்கள். ஒருத்தி மூன்று பிள்ளையைப் புதைப்பாள். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் கட்டாயம் ஒரு கடிதம் வரும், அதோடு எல்லாம் சரியாகும். நான் இரண்டாம் புத்தகத்திலேயே பிடித்துவிட்டேன்.

"அக்கா, பதினோராம் அத்தியாயத்துல கடிதம் வருது பாருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அவர் தலையணையை எடுத்து என்மேல் எறிவார்.

"இந்தப் பொம்பளைங்க யாராச்சும் பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிண்டிருக்காங்களா? யாருக்காவது அரை நாள் லீவு கேட்டு அதிபர்கிட்ட ஏச்சு விழுந்திரிக்கா? கஷ்டம்னா இதெல்லாந்தானே அக்கா கஷ்டம்?"

"உனக்கு எல்லாம் பகிடி."

"பகிடி இல்ல. கோவம்."

உண்மையாகவே கோபம்தான். அவர் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வாசிப்பார். காத்திருந்தாள், பொறுத்திருந்தாள், மௌனமாக இருந்தாள் என்று வருகிற இடமெல்லாம் கோடு. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன், இதில் என்னதான் இருக்கிறது என்று. அவர் கொப்பி திருத்திக்கொண்டு இருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "டவுன்ல எங்க போனாலும் எல்லாரும் என்கிட்ட, இன்னும் மாறுதல் கிடைக்கலையான்னு கேக்குறாங்க. இந்தப் புத்தகத்துல இருக்கிற பொம்பளைங்க மட்டுந்தான் கேக்கல."  அன்றைக்குத் தேத்தண்ணி நான்தான் போட்டேன்.

போன வருஷக் கடைசியில் பட்டியல் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே அக்காவின் தங்கை ஒரு செய்தி சொல்லியிருந்தார். தங்கையின் புருஷனுக்குக் கொழும்பில் வேலை சரிவந்துவிட்டது, ஜனவரியில் குடும்பத்தோடு போகிறார்கள். அதற்குப் பிறகு மதுரா யாரோடு இருப்பாள்? வலிப்பு வருகிற பிள்ளையை எந்த ஹொஸ்டலும் எடுக்காது. இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தார், முகத்துக்கு நேரேயே முடியாது என்றார்கள். இந்த முறை மாற்றம் வந்தே ஆக வேண்டும். அக்காவும் அதைத்தான் நம்பிக்கொண்டு இருந்தார். "இந்த முறை கர்த்தர் கைவிட மாட்டார்" என்று ஒரு நாளைக்கு நாலு தரம் சொன்னார்.

பட்டியலில் என் பெயர் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை.

மூன்று வருஷம் இருந்த எனக்கு டவுனில் பாடசாலை. எட்டு வருஷம் இருந்தவருக்கு ஒன்றுமில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். முதலில் வந்து கட்டிப் பிடித்தது அஜந்தாக்காதான். "உம்மா சந்தோஷப்படுவாங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். நான் கணக்கு, அவர் இங்கிலிஷ். மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை.

அன்று பின்னேரம் நான் அவருடைய ஃபைலை இழுத்து எடுத்தேன். எங்கே பிழை என்று பார்க்காமல் எனக்கு விடிவு இல்லை. எட்டு வருஷத்து விண்ணப்பங்களின் கொப்பியும் ஒழுங்காகக் கோர்த்து இருந்தது. பெயர், நியமனத் திகதி, சேவைக் காலம், எல்லாம் சுத்தம். மூன்றாம் பக்கத்தில் "விசேட காரணங்கள் இருப்பின் குறிப்பிடுக" என்று எட்டு வரி விட்டிருப்பார்கள். நான் என்னுடையதில் அந்த எட்டு வரியும் போதாமல் தனித் தாள் இணைத்தவள். உம்மாவின் முழங்கால், என் வயிற்றெரிவு, யானை, பஸ், எல்லாம் எழுதினேன். உம்மாவின் முழங்காலை உள்ளதைவிட இன்னும் கொஞ்சம் கெடுத்தும் எழுதினேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அஜந்தாக்காவின் போர்மில் அந்த எட்டு வரியில் ஒரே ஒரு சொல். இல்லை. முந்தின வருஷத்தைப் புரட்டினேன். இல்லை. அதற்கு முந்தின வருஷம், இல்லை. எட்டு வருஷமும் அதே அழகான எழுத்தில், இல்லை.

"அக்கா, இது என்ன?"

"என்ன?"

"விசேட காரணம் இல்லையா? மதுரா யாரு?"

அவர் கட்டில் விரிப்பை இழுத்துச் சரி செய்தார். பிறகு, "பிள்ளைட வலிப்பு வருத்தத்தக் காட்டி இடமாற்றம் கேக்குறதா? அது முறுமுறுக்கிறதுதானே. கர்த்தருக்குத் தெரியும்" என்றார்.

"கர்த்தருக்குத் தெரியும். கந்தோர்ல இருக்கிற ஆளுக்கு எப்படித் தெரியும்? இத வாசிக்கிறவன், இந்த மனுஷிக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, நல்லா இரிக்கா, இருக்கட்டும்னு பக்கத்துல வெச்சிட்டுப் போவான். நான்னாலும் அதத்தான் செய்வேன்!"

கத்திவிட்டேன். கீழே வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா அழவில்லை. போர்மை என் கையிலிருந்து வாங்கி, மடிப்பை நீவி, ஃபைலில் திரும்ப வைத்தார். அவர் ஒரு சத்தம் போட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை நான் நேரே தவமணிதேவி அம்மாவின் வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. முன் அறையில் அலுமாரி நிறையப் புத்தகம். பரிசு கொடுக்க வாங்கி அடுக்கி வைத்தவை என்று பார்த்ததும் தெரிந்தது. அவர் எனக்குத் தேத்தண்ணியும் கேக்கும் கொண்டு வந்து வைத்தார்.

"ஒன்பது புத்தகம் குடுத்திருக்கீங்க அம்மா. ஒரு தரமாவது, போர்ம்ல என்ன எழுதியிரிக்குன்னு அக்காகிட்ட கேட்டீங்களா?"

"எந்தப் போர்ம் மகள்?"

"இடமாற்றப் போர்ம். எட்டு வருஷமா அதுக்குத்தானே உங்க பெட்டியில துண்டு போடுறாங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்தார். உள்ளே துண்டுகள், ஆள் ஆளாகப் பிரித்து நூல் கட்டி வைத்திருந்தார். அஜந்தாக்காவுடையதை அவிழ்த்து என் முன்னால் பரப்பினார். ஒவ்வொன்றாக வாசித்தேன். "என் பிரயாணங்களில் பாதுகாப்புக்காக ஜெபிக்கவும்." "பிரயாணத்துக்காக ஸ்தோத்திரம், தொடர்ந்து ஜெபிக்கவும்." "பொறுமைக்காக ஜெபிக்கவும்." ஒரு துண்டிலும் இடமாற்றம் என்ற சொல் இல்லை. மதுரா என்ற பெயரும் இல்லை. அவளுக்கு வலிப்பு வருகிறது என்று நான்தான் சொன்னேன்.

"பொறுமைக்காக ஜெபிக்கச் சொன்னா. அதனாலதான் பொறுமையைப் பத்தின புத்தகமாத் தேடித் தேடிக் குடுத்தேன்" என்றார் தவமணிதேவி அம்மா. "பிள்ளைக்கு ஏதோ சுகமில்லன்னு கேள்விப்பட்டேன். கேட்டா, நல்லா இருக்கான்னு சொல்லுவா. வலிப்பு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நானே கிட்ட இருந்து நிரப்பிக் குடுத்திருப்பேனே மகள்." குரல் உடைந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் காலையில் அஜந்தாவின் பஸ்ஸுக்காக ஜெபித்தாராம். எட்டு வருஷம், ஒரு நாள் விடாமல்.

ஏசுவதற்கு வந்த இடத்தில் நான் அந்த அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் போனது. யார்மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். மேன்முறையீட்டுக்குப் பதினாலு நாள் உண்டு, எழுதச் சொல்லு, ஆதாரம் இணைக்கச் சொல்லு. ஐந்து நாள் ஏற்கெனவே போயிருந்தது.

திங்கட்கிழமை பாடசாலை விட்டு வந்ததும் அக்காவை உட்கார வைத்தேன். "எழுதுங்க." அவர் பேனையை எடுத்தார், வைத்தார். எடுத்தார், வைத்தார். கடைசியில் இரண்டு வரி எழுதினார்: மகளுக்குச் சில வேளைகளில் சுகவீனம் ஏற்படுவதுண்டு, ஆயினும் இறைவன் அருளால் சமாளித்து வருகிறோம். நான் அந்தத் தாளைக் கிழித்தேன்.

"ஆயினும் வேணாம். சமாளிக்கிறோம் வேணாம். சமாளிக்கிற ஆளுக்கு எதுக்கு இடமாற்றம்?"

"அது இல்லாம எழுதினா எனக்குப் பொய் சொன்ன மாதிரி இருக்கு."

"அது இரிக்கிறதுதான் பொய்!"

பிறகு எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஐந்தாம் புத்தகத்தை எடுத்தேன். மீன் பிடிக்கிற தீவு ஒன்றில் தனியாக நோயாளிகளைப் பார்த்த ஒரு விதவையின் கதை. எண்பதாம் பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். தீவில் படகு இல்லாமல் நோயாளிகள் செத்தார்கள் என்று அந்தப் பெண் மேலிடத்துக்குப் பதினேழு கடிதம் எழுதுகிறாள். ஒவ்வொன்றும் நெருப்பு. யார் செத்தார்கள், என்ன வயது, எந்த நாள், படகு இருந்திருந்தால் எத்தனை மணியில் கரை சேர்த்திருக்கலாம் என்று பெயர் பெயராக எழுதி, "நீங்கள் வெட்கப்பட வேண்டும்" என்று முடிக்கிறாள்.

"கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல படகு வந்திச்சின்னு ஒரு கடிதம் வருதே, அது சும்மா வரல அக்கா. பதினேழு எழுதின பொறகுதான் வந்திரிக்கு. இதுக்கு முன் பக்கத்துல அவ பொறுமையா இருந்தான்னு ஒரு வரி இரிக்கு, அதுக்கு நீங்க ரெண்டு கோடு போட்டிரிக்கீங்க. இந்தப் பதினேழு கடிதத்துக்கு ஒரு கோடும் இல்ல. ஏன்?"

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புதிதாக வாசிப்பவர் போல உதடு அசைந்தது. வெளியே வீட்டுக்காரர் நெல் மூட்டையை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு இருந்தார்.

பிறகு, அக்கா அந்தப் புத்தகத்துக்குப் போட்டிருந்த உறையைக் கழற்றினார். டீச்சர் அல்லவா, எல்லாப் புத்தகத்துக்கும் பழைய கலண்டர் தாளில் உறை போட்டு வைத்திருப்பார். அத்தனையும் வாசித்த நான் ஒரு உறையையும் கழற்றிப் பார்த்ததில்லை. தாளின் உள்பக்கம் வெள்ளை. அதில் பொடி எழுத்தில் நிறைய எழுதியிருந்தது.

மார்ச் 14, வியாழன், காலை 10.40, வகுப்பில், மூன்று நிமிஷம், நாக்கைக் கடித்துவிட்டாள். மே 6, திங்கள், தங்கை வீட்டுக் குசினி, அடுப்புப் பக்கம் விழவில்லை. ஜூலை 2, செவ்வாய், பாடசாலை மலசலகூடத்தில், யாரும் பார்க்கவில்லை, எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே வசனம்: நான் வில்கமுவையில்.

ஒன்பது உறையையும் கழற்றினோம். எட்டு உறையில் எழுத்து இருந்தது. மொத்தம் நாற்பத்தியொரு தரம்.

"இத யாருக்கு எழுதினீங்க?"

"அவருக்குத்தான்" என்றார், மேலே பார்த்து. "அவருகிட்ட முறுமுறுத்தா பரவாயில்லன்னு நெனச்சேன்."

 நான் ஒரு புதுத் தாளை எடுத்தேன். அந்த நாற்பத்தியொன்றையும் அவர் வாசிக்க வாசிக்க நான் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். ஆயினும் என்ற சொல் எங்கேயும் வரவில்லை. கிளினிக் அட்டையின் போட்டோக்கொப்பியும் சேர்த்துக் கட்டி, பதினோராம் நாள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

டிசம்பரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் லீவு போட்டுத் துணைக்குப் போனேன். ஒரு நீளமான அறை, மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஆட்கள் வருவதும் போவதுமாகக் கதவு திறந்தே கிடந்தது, நான் வாசலில் நின்றேன். அக்காவின் கையில் ஒரு ஷொப்பிங் பேக், அதில் எட்டு உறையும் இருந்தது. நடுவில் இருந்த பெரியவர் எங்கள் தாளை வாசித்தார். அவசரமில்லாமல் வாசித்தார். நாற்பத்தியொன்றையும் வாசித்தார் என்றுதான் நினைக்கிறேன், இரண்டு தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நிமிர்ந்து சிங்களத்தில் அன்பாகக் கேட்டார்.

"இப்ப மகள் எப்படி இருக்கிறாள், டீச்சர்?"

அஜந்தாக்கா சிரித்தார். சபை வாசலில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"நல்லா இருக்கிறாள் சேர். கடவுள் கிருபை" என்றார், நல்ல சிங்களத்தில்.

 பெரியவரின் முகம் தெளிந்தது. மெய்யாகவே சந்தோஷப்பட்டார். "அது நல்லது" என்று சொல்லிப் பேனையை எடுத்து ஏதோ எழுதினார். பக்கத்தில் இருந்தவர் அடுத்த ஃபைலை இழுத்தார். அக்கா நன்றி சொல்லிவிட்டு, கதிரையைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"நல்ல மனுஷன்" என்றார் என்னிடம்.

"அக்கா, இப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"அவரு மகள் எப்படின்னு கேட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. தான் சொன்னது தனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.  ஷொப்பிங் பேக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை. வேறு ஒரு டீச்சர் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மேசையில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எட்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் சிங்களத்தில் பேசுகிற மனுஷிக்கு அந்த நேரம் சிங்களம் வரவில்லை.

"நல்லா இல்ல, சேர்" என்றார் தமிழில். "எம் புள்ள நல்லா இல்ல. நானும் நல்லா இல்ல. ஜனவரில இருந்து அவளப் பாக்க ஆள் இல்ல."

பெரியவருக்குத் தமிழ் விளங்கவில்லை. சுற்றிப் பார்த்தார். நான் வாசலைத் தாண்டி உள்ளே போய், அக்கா சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். உம்மாவின் முழங்காலை ஒன்றுக்கு இரண்டாக எழுதின நான், அன்றைக்கு ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பெரியவர் எங்கள் ஃபைலைத் திரும்ப எடுத்து, தான் எழுதியிருந்ததை வெட்டினார்.

"இவ்வளவு காலமாக ஏன் டீச்சர் எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

அக்கா பேக்கிலிருந்து எட்டு உறையையும் எடுத்து மேசையில் பரப்பினார். கலண்டர் தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்கப் பார்த்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த முன்பின் தெரியாத டீச்சர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

விசாரணை முடிந்து பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது. டவுனில், மதுராவின் பாடசாலைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு பாடசாலை. தவமணிதேவி அம்மா ஐக்கியத்தில் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார். பத்தாம் புத்தகமும் தயாராக இருக்கிறதாம். அக்கா கடிதத்தை முதலில் என்னிடம்தான் கொண்டு வந்து தந்தார். நான் பாடசாலையின் பெயரையோ திகதியையோ பார்க்கவில்லை. காரணம் என்று போட்டிருந்த இடத்தைத்தான் தேடினேன். அங்கே டைப் செய்து இருந்தது: மகளின் சுகவீனம்.

இரண்டு சொல். எட்டு வருஷம்.